வீட்டு வாசலுக்கு மூன்று முறை தளம் போட்ட அனுபவம்

சென்னை கொளத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டை அப்பா 1993-இல் கட்டினார். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை 24 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட மண் தரை, அதன் இடப்புறம் அவர் கையால் நட்ட வேப்பமரம், மதிலை ஒட்டிச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும், மூலையில் ஒரு பவழமல்லி. அப்பா இருந்தவரை எங்களிடம் கார் இல்லாததால் அந்த மண் தரையை யாரும் குறையாக நினைத்ததில்லை. 2022 தை மாதத்தில் நான் கார் வாங்கிய பிறகு, சக்கரம் பதிந்து சேறாகாமல் இருக்க ஒரு தளம் வேண்டும் என்று தோன்றியது. அடுத்த இரண்டேகால் ஆண்டுகளில் அதே 288 சதுர அடிக்கு மூன்று முறை தளம் போட்டு, 1,28,500 ரூபாய் செலவழித்தேன். முதலிலேயே சரியாகச் செய்திருந்தால் 64,000 ரூபாயோடு முடிந்திருக்கும். கணவர் கப்பலில் பணிபுரிவதால் ஆண்டின் பெரும்பகுதி வெளியிலேயே இருப்பவர். அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. எனவே கொத்தனாரைத் தேடியது, பொருள் வாங்கியது, ஏமாந்தது எல்லாமே நான் தனியாகச் செய்தவை. யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்போது பலமுறை ஏங்கியதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த முதல் தவறு, பொருளைத் தேர்ந்தெடுக்க நேராகக் கடைக்குப் போனது. அங்கே பார்க்கிங் டைல்ஸ் மாதிரிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். வீட்டின் பழைய சிவப்புத் திண்ணைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று செந்நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் வாசல் மண் எப்படிப்பட்டது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மரத்தின் வேர் எதுவரை பரவியிருக்கிறது என்று கடைக்காரரும் கேட்கவில்லை, கொத்தனாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. பழைய கட்டட இடிபாடுகளைக் கொட்டி, மேலே மணல் பரப்பி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு மெல்லிய கான்கிரீட் போட்டு, மாசி மாதத்தில் நான்கே நாளில் டைல்ஸ் ஒட்டி முடித்தார்கள். பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 108 ரூபாய் வீதம் 31,000 ரூபாய் ஆனது. அன்று மாலை வாசலில் நின்று பார்த்தபோது அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. வேப்பமரத்தைச் சுற்றிக்கூட ஒரு விரல் இடைவெளி இல்லாமல் வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். அந்த நேர்த்தியை நானே பாராட்டினேன்.

ஐப்பசி மழை தொடங்கியதும் எல்லாம் வெளிப்பட்டது. அப்பா வீடு கட்டியபோது சாலையைவிட எங்கள் வாசல் உயரமாக இருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே பல முறை புதுச் சாலை போட்டதில், இப்போது சாலை எங்கள் வாசலைவிட நான்கு அங்குலம் உயர்ந்துவிட்டது. கார் எளிதாக ஏறி இறங்கட்டும் என்று கொத்தனார் கேட் பக்கத்துத் தரையைச் சாலை மட்டத்துக்கு உயர்த்திவிட்டதால், சரிவு முழுவதும் வீட்டை நோக்கி அமைந்துவிட்டது. 288 சதுர அடி என்பது ஏறக்குறைய 26.75 சதுர மீட்டர். அதன் மீது 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 2,675 லிட்டர் தண்ணீர் சேரும். முன்பு அதில் ஒரு பகுதி மண்ணில் இறங்கியது, மீதி செடிகளுக்கிடையே தேங்கி மெல்ல வடிந்தது. இப்போது அத்தனையும் போர்ட்டிகோ படிக்கு வந்து நின்றது. அந்த ஈரத்தில் பாசி படர்ந்தது. கார்த்திகை மாதத்தில் ஒரு விடியற்காலை, கோலம் போட வாளியோடு இறங்கிய அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மருத்துவச் செலவு 38,000 ரூபாய். இதை மேலே சொன்ன கணக்கில் நான் சேர்க்கவில்லை, சேர்க்க மனம் வரவில்லை. ஆறு வாரம் கட்டுப் போட்ட கையோடு அம்மா என்னை ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை என்பதே எனக்குப் பெரும் வேதனையாக இருந்தது.

மழை நின்ற பிறகு டைல்ஸ் வெடிக்கத் தொடங்கியது. கொளத்தூர், வில்லிவாக்கம், அண்ணாநகர், பெரம்பூர் ஆகிய பகுதிகளில் பெரும்பாலும் களிமண். நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளவுபடும். அதன் மேல் கெட்டியாக ஒட்டப்பட்ட மெல்லிய தளத்துக்கு அந்த அசைவைத் தாங்கும் வழியில்லை. கூடவே ஒரு டன்னுக்கு மேற்பட்ட காரின் எடை தினமும் அதே இரண்டு தடங்களில் இறங்குகிறது. 2023 பங்குனிக்குள் சக்கரத் தடம் நெடுகிலும் பதினேழு டைல்ஸ் உடைந்திருந்தன. அதைவிட என்னை உலுக்கியது வேப்பமரம். மாசியில் இலை உதிர்த்துப் பங்குனியில் தளிர்க்க வேண்டிய மரம், அந்த ஆண்டு பாதிக் கிளைகளில் தளிர்க்கவே இல்லை. வேருக்குத் தண்ணீர் போலவே காற்றும் வேண்டும் என்பதையும், அடிமரம் வரை சிமெண்ட் பூசி மூடினால் இரண்டும் அதற்குக் கிடைக்காது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அப்பா நட்ட மரத்தை நானே மூச்சடைக்க வைத்துவிட்டேன் என்ற எண்ணத்தில் பல இரவுகள் தூக்கம் வரவில்லை.

உங்கள் வீட்டு மண்ணைச் சோதிக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு கைப்பிடி மண்ணை ஈரமாக்கி உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுங்கள். முறியாமல் கயிறு போல நீண்டால் அது களிமண், உதிர்ந்துபோனால் மணற்பாங்கானது. பிறகு ஓரடி ஆழத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் முறை ஊற்றியது ஊறி இறங்கிய பின் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். எங்கள் குழியில் ஒரு மணி நேரத்தில் அரை அங்குலம்கூடக் குறையவில்லை. அடுத்ததாக, தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தை வைத்துச் சாலை, கேட், போர்ட்டிகோ ஆகிய மூன்றின் உயரத்தையும் கொத்தனாரைக் கொண்டு அளந்து சுவரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து விலகும் திசையில் 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு வேண்டும். எங்கள் 24 அடிக்கு அது ஏறக்குறைய 5 அங்குலம். அந்த 5 அங்குலம் எங்கிருந்து கிடைக்கும் என்பதற்கு விடை தெரியாமல் எந்தப் பொருளுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது முறை அவசரத்தில் தவறினேன். உடைந்த டைல்ஸைப் பெயர்த்து அப்புறப்படுத்த 6,500 ரூபாய் ஆனது. சிமெண்ட் பூசி ஒட்டாமல் அடுக்கப்படும் கான்கிரீட் கல்லான பேவர் கல் போட்டால் இடைவெளிகளில் தண்ணீர் இறங்கும், மண் அசைந்தாலும் கல் உடையாது, குழாய் பழுதானால் எடுத்துவிட்டு மறுபடி அடுக்கலாம் என்று கேள்விப்பட்டேன், மூன்றுமே உண்மைதான். ஆனால் பேவர் என்று கேட்டால் கடையில் இரண்டு வகை கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒன்று இயந்திரத்தில் அதிர்வும் அழுத்தமும் கொடுத்துச் செய்வது. மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். மற்றொன்று ரப்பர் அச்சில் ஊற்றி எடுப்பது; பளபளவென்று கண்ணைப் பறிக்கும். நான் வாங்கியது பளபளப்பானது, 50 மில்லிமீட்டர் கனம், மஞ்சளும் சிவப்பும் கலந்தது. சதுர அடிக்கு 94 ரூபாய் வீதம் 27,000 ரூபாய் ஆனது. 2023 வைகாசியில் வேலை முடிந்தது. ஆவணிக்குள் மஞ்சள் வெளிறிப்போயிற்று.

நிறம் போனது சிறிய விஷயம். கல்லுக்கு அடியில் கெட்டியான அடித்தளம் எதுவும் இல்லாமல், களிமண்ணின் மேல் மூன்று அங்குலத்துக்குக் கிரஷர் தூளை (ஜல்லி உடைக்கும்போது விழும் கல்தூள்) பரப்பி நேராக அடுக்கியிருந்தார்கள். ஓரங்களில் கற்களைப் பிடித்து நிறுத்தும் கட்டு எதுவும் இல்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, செடிப் பக்கத்து ஓரம் முதலில் விலகியது. அந்த வழியாகத் தூள் கரைந்து ஓடியது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் இரண்டு சக்கரத் தடங்களும் வாய்க்கால் போல மூன்று அங்குலம் இறங்கியிருந்தன. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில், போர்ட்டிகோவில் மெழுகுவத்தியோடு உட்கார்ந்து அந்தத் தடங்களைப் பார்த்து அழுதேன். பணம் போனதற்காக மட்டும் அழவில்லை. ஒரு வீட்டைப் பராமரிக்க எனக்குத் தகுதி இல்லையோ என்று தோன்றிவிட்டது.

அதன் பிறகு மூன்று மாதம் எதையும் செய்யாமல், பார்ப்பதற்கும் கேட்பதற்கும் மட்டுமே ஒதுக்கினேன். பேவர் கற்களுக்கு ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. கார் நிறுத்துமிடம் போன்ற இலகுவான போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டர் கனமும் எம்-35 என்ற கான்கிரீட் தரத்தின் வலிமையும் அதில் சொல்லப்படுகின்றன. கல் நீரை உறிஞ்சும் அளவு சராசரியாக 6 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் உள்ளது. ஆய்வகத்தில் கல்லை அடுப்பில் உலர்த்தி முறையாகச் சோதிப்பார்கள். வீட்டில் தோராயமாகத் தெரிந்துகொள்ள, கல்லை நன்றாக வெயிலில் உலர்த்தி எடை போட்டு, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போட்டால் போதும். நான் வாங்கிய பளபளப்பான கல் உலர்ந்திருந்தபோது 2 கிலோ 100 கிராம். ஊறிய பின் 230 கிராம் கூடியிருந்தது, அதாவது ஏறக்குறைய 11 விழுக்காடு. பிறகு வேறொரு தொழிற்கூடத்திலிருந்து 60 மில்லிமீட்டர் கல் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து சோதித்தேன். 2 கிலோ 800 கிராம் கல்லில் 130 கிராம்தான் கூடியது. சமையலறைத் தராசு ஒன்றே 27,000 ரூபாயைக் காப்பாற்றியிருக்கும்.

மற்ற பொருள்களையும் வாய்ப்புக் கிடைத்த இடங்களில் நேரில் சென்று பார்த்தேன். பக்கத்துத் தெருவில் நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். உறுதியானது, விலையும் குறைவு. ஆனால் நடுவில் இணைப்புக் கோடு வெட்டாமல் 30 அடிக்கு ஒரே பலகையாக ஊற்றியதால் குறுக்கே தானாகவே விரிசல் விட்டிருந்தது. எட்டிலிருந்து பத்து அடிக்கு ஒரு கோடு வெட்ட வேண்டும், குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற வைக்க வேண்டும். மரம் இல்லாத, மண் அசையாத வாசலுக்கு அது நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். உறவினர் வீட்டில் கூழாங்கல் பரப்பியிருந்தார்கள். தண்ணீர் அழகாக இறங்குகிறது, மரத்துக்கும் உகந்தது. ஆனால் வேப்பிலையும் வேப்பம்பழமும் உதிரும் வாசலில் அதைப் பெருக்கவே முடியாது, வயதானவர்களுக்கு நடையும் தடுமாறும். புல் முளைக்கும் துளைக் கற்கள் மீது எனக்கு ஆசை இருந்தது. போட்டவர் வீட்டில் பார்த்தபோது கார் நிற்கும் நிழலில் புல் மடிந்து வெறும் மண்ணாக இருந்தது. சித்திரையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நம் ஊரில் புல்லுக்கு எங்கிருந்து ஊற்றுவது? கடப்பா கல் நல்ல கல்தான், ஆனால் கருநிறம் வெயிலில் கொதிக்கிறது, மெருகேற்றியது மழையில் வழுக்குகிறது.

இவ்வளவும் பார்த்த பின், 288 சதுர அடி முழுவதற்கும் ஒரே பொருள்தான் வேண்டும் என்று நான் ஏன் நினைத்தேன் என்ற கேள்வி எழுந்தது. கார் ஓடுவது இரண்டு தடங்களில். அம்மா கோலம் போடுவது கேட்டின் உட்புறம் நான்கு அடியில். மீதி இடம் மரத்துக்கும் செடிகளுக்கும் உரியது. இதை ஒரு தாளில் வரைந்துகொண்டு, 3,000 ரூபாய் கட்டணத்தில் ஒரு கட்டடப் பொறியாளரை ஒரு நாள் வந்து பார்க்கச் சொன்னேன். மொத்தச் செலவிலேயே மிகவும் பயனுள்ளதாக அமைந்தது அந்த 3,000 ரூபாய்தான். அவர் வந்ததும் முதலில் கேட்டது, தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதை. எங்கள் சம்ப் போர்ட்டிகோவை ஒட்டி வலது சக்கரத் தடத்துக்கு நேர் கீழே இருந்தது. அதன் மூடி மனிதர் நடப்பதற்கு மட்டும் ஏற்றது. இரண்டு ஆண்டுகளாக அதன் மேல் கார் போய்வந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது. சென்னை வீடுகளில் சம்ப், செப்டிக் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் முன்வாசலில் இருக்கும். தளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவற்றின் இடத்தைக் குறித்துக்கொண்டு, கார் எடையைத் தாங்கும் மூடிக்கு மாற்றிவிடுங்கள். நாங்கள் தடத்தையே ஒன்றரை அடி இடப்பக்கம் நகர்த்தி, மூடியையும் மாற்றினோம்.

2024 பங்குனி, சித்திரையில் மூன்றாவது வேலை நடந்தது. மழைக்கு ஆறு மாதம் முன்பே, தரை காய்ந்திருக்கும்போது செய்ததால் குழியில் தண்ணீர் நிற்கவில்லை. தடங்களில் பத்து அங்குலம் தோண்டிக் களிமண்ணை எடுத்துவிட்டு, மண்ணும் ஜல்லியும் கலக்காமல் இருக்க ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, ஆறு அங்குலத்துக்கு வெட்மிக்ஸ் ஜல்லியை (பல அளவு ஜல்லியும் கல்தூளும் தண்ணீரோடு கலந்தது) இரண்டு அடுக்காகப் போட்டு இயந்திரத்தால் இடித்து இறுக்கினார்கள். அதன் மேல் ஒன்றரை அங்குலம் மணல், அதன் மேல் 60 மில்லிமீட்டர் சாம்பல் நிறக் கல். கற்களை நேர்வரிசையில் அடுக்காமல் மீன்முள் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால் சக்கரம் திரும்பும்போது நகராது. இருபுறமும் கான்கிரீட்டில் பதித்த ஓரக்கல். மரத்தின் பக்கம் வேரைக் கண்ட இடத்தில் தோண்டுவதை நிறுத்தி, அடிமரத்தைச் சுற்றி நான்கு அடி தூரத்துக்குப் பழைய மண் மட்டத்தை அப்படியே திறந்து விட்டோம். கேட் உட்புறம் நான்கு அடிக்குக் கான்கிரீட் படுகையின் மேல், தீயால் சொரசொரப்பாக்கிய அடர்சாம்பல் கிரானைட் பதித்தோம். பேவர் கல்லின் இடைவெளிகளில் கோலமாவு விழுந்து கம்பி இழுக்க முடியாமல் அம்மா ஓராண்டாகச் சிரமப்பட்டதை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். சரிவை வீட்டுப் பக்கம் சற்று உயர்த்தியும் கேட் பக்கம் தாழ்த்தியும் பெற்றோம். கேட் அருகே குறுக்கே ஆறு அங்குல வாய்க்கால் ஒன்றும் அதன் மேல் இரும்புச் சட்டமும் வைத்து, மணல், ஜல்லி நிரப்பிய வடிகட்டித் தொட்டி வழியாகச் செம்பருத்தி ஓரத்தில் உறை இறக்கிய குழிக்குத் தண்ணீரைக் கொண்டுபோனோம். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அப்பா அமைத்த குழி அது. முதல் கொத்தனார் இடிபாடு கொட்டி மூடிவிட்டதைத் தூர்வாரி மீட்டோம்.

பணம் கொடுத்த முறையையும் மாற்றினேன். தோண்டி முடித்ததும் ஆழத்தை அளந்து ஒரு பங்கு, ஜல்லி இறுக்கிய பின் ஒரு பங்கு, கல் அடுக்கி இடைவெளிகளில் மணல் நிரப்பியதும் ஒரு பங்கு, முதல் பெருமழைக்குப் பின் கடைசி 10 விழுக்காடு என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கண்ணுக்குத் தெரியும் கல்லில் யாரும் ஏமாற்றுவதில்லை. மூடி மறையும் அடுக்குகளில்தான் எல்லாம் குறைகிறது. ஒவ்வொரு அடுக்கையும் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். மேஸ்திரி அதற்காக முகம் சுளிக்கவில்லை, நல்ல வேலைக்காரர் சுளிக்கவும் மாட்டார்.

2024 அக்டோபர் நடுவில் பெய்த கனமழையின்போது குடையோடு வாசலிலேயே நின்றிருந்தேன். வாய்க்கால் நிரம்பி ஓடியது. மழை விட்ட இருபது நிமிடத்தில் தடங்களில் ஒரு துளி நிற்கவில்லை. சாலையே குளமாகும் நாளில் இதுவும் தாங்காது என்பதை அறிவேன். வேப்பமரத்தில் தெற்குப் பக்கக் கிளை ஒன்று திரும்பத் தளிர்க்கவே இல்லை, மற்றவை தளிர்த்துவிட்டன. ஆண்டுதோறும் புரட்டாசியில் வாய்க்காலைத் தூர்வாரி, மணல் குறைந்த இடைவெளிகளில் சலித்த மணலைத் துடைப்பத்தால் தள்ளி நிரப்ப வேண்டும். அரை நாள் வேலை. எதிர்காலத்தில் குழாய் வேலை வந்தால் அதே நிறத்தில் கல் கிடைக்காது என்பதால், மீந்தவற்றில் முப்பது கற்களைப் பின்புறச் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறேன்.